பிரச்சனைக் கணக்குப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறை என்ற ஊரில், என் வீட்டு முன்னறையில், இடைநிலைப்பள்ளியின் படிவம் 1 முதல் 5 வரையிலான மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் கற்பித்து வருகிறேன். அலகை மாற்ற மறப்பது, குறியைத் தவறவிடுவது போன்றவற்றை அவர்களே இரண்டொரு தேர்வுகளில் திருத்திக்கொள்வார்கள். நான் மாணவனாக இருந்தபோது செய்ததும், இன்று என் எதிரே அமரும் பிள்ளைகள் அப்படியே செய்வதுமான தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒற்றைச் சொல்லைப் பிடித்துக் கணக்கிடுதல்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் கணக்குப் போட்ட பிள்ளை, படிவம் 1-இல் அதே கணக்கை மலாய் மொழியில் சந்திக்கிறது. வாக்கியம் முழுதாகப் பிடிபடாத அச்சத்தில், ‘லெபே’ (அதிகம்) என்றால் கூட்டு, ‘பாக்கி’ (மீதி) என்றால் கழி என்று ஒரு பட்டியலை மனனம் செய்துகொள்கிறது. அந்தப் பட்டியலைக் கற்பிப்பவர்களே எழுதிக் கொடுப்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

எனக்கும் அப்படி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அலியிடம் 24 கோலிகள் உள்ளன, அது அபுவிடம் இருப்பதைவிட 8 அதிகம், அபுவிடம் எத்தனை என்ற கணக்கில், ‘லெபே’யைக் கண்டதும் கூட்டி 32 என்று எழுதினேன். அபுவிடம் இருப்பவை 16. அதிகம் வைத்திருப்பவர் யார் என்று நான் பார்க்கவே இல்லை.

இந்தப் பழக்கம் எளிய கணக்குகளில் பெரும்பாலும் சரியான விடையையே தந்துவிடுவதால், படிவம் 4 இயற்பியல் வரை யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. 3 கிலோகிராம் பெட்டியை 12 நியூட்டன் விசையால் கிடைத்தளத்தில் இழுக்கும்போது அது சீரான திசைவேகத்தில் நகர்கிறது என்றால் உராய்வு விசை எவ்வளவு என்று கேட்டேன். ‘விசை’, ‘கிலோகிராம்’ என்ற இரண்டையும் கண்டவுடன் 12-ஐ 3-ஆல் வகுத்து, முடுக்கம் 4 என்று எழுதிய தாள்களே அதிகம் வந்தன. திசைவேகம் மாறவில்லை என்றால் முடுக்கமே இல்லை. நிகர விசை சுழி. ஆகவே உராய்வு விசை 12 நியூட்டன்தான்.

அதனால் என் வகுப்பில், கணக்கில் என்ன நடக்கிறது என்பதை எண்களே இல்லாமல் தமிழில் வாய்விட்டுச் சொல்லி, ஒரு படமும் வரைந்த பிறகுதான் கால்குலேட்டரைத் தொடலாம். ஒரு மணி நேரத்தில் நான்கு கணக்குகளே முடிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

தீர்வைப் பக்கத்தில் விரித்து வைத்தல்

மூடி வையுங்கள்.

ஒரே அத்தியாயத்தை அடுக்கிச் செய்தல்

தலைப்பே வழிமுறையைச் சொல்லிவிடுகிறது. படிவம் 5 இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. பல அத்தியாயக் கணக்குகளைக் கலந்து செய்யுங்கள்.

விடை வந்ததும் பேனாவை வைத்துவிடுதல்

13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை ஒருவர் காலை நெரிசலில் மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்திலும், திரும்பும்போது 54 கிலோமீட்டர் வேகத்திலும் கடந்தால் சராசரி வேகம் என்ன? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 40.5 என்பார்கள். போக 30 நிமிடம், வர 15 நிமிடம். 27 கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகியிருப்பதால் விடை 36. மெதுவாகச் சென்ற நேரமே இருமடங்கு என்பதால் சராசரி 54-ஐவிட 27-க்கு நெருக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று அரை நிமிடம் யோசித்திருந்தாலே 40.5 அவர்களை உறுத்தியிருக்கும்.