வன்னியிலிருந்து எழுதும் கணிதக் கல்வி ஆய்வாளரின் மேற்கோள் தாக்கத்தைக் கணிப்பது எப்படி?

ஓர் ஆய்வாளரைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணுவதற்கு முன், எந்தெந்தக் கட்டுரைகள் அவருடையவை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் இதுவே பெரிய வேலை. தந்தையின் பெயர் ஒரு சஞ்சிகையில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் அச்சாகியிருக்கும். ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். நிறுவனத்தின் பெயரும் மாறியிருக்கிறது. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக நிறுவப்படும் வரை, அங்கு பணியாற்றியவர்களின் கட்டுரைகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் என்ற முகவரியுடனேயே வெளிவந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தினரின் கட்டுரைகளோ இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே சேர்கின்றன. ஆகவே எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் இரு முகவரிகளிலும் தேடி, கிடைத்தவற்றை ஆய்வாளரின் சொந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் பதினாறு இலக்க ஓர்கிட் (ORCID) எண்ணின் கீழ் ஒருங்கு சேர்க்க வேண்டும்.

அடுத்து, எங்கே எண்ணுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஸ்கோப்பஸ், வெப் ஒஃப் சயன்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்கள் தெரிவுசெய்த வெளியீடுகளை மட்டுமே பார்ப்பவை. கணிதக் கல்வியில் மாநாட்டுத் தொகுப்புகள், நூல் அத்தியாயங்கள், ஆசிரியர்களுக்கான சஞ்சிகைகள் ஆகியவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அங்கு கிடைக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்கொலர் இவற்றில் பலவற்றை எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரே கட்டுரையை இருமுறை பதிவதும் வேறொருவரின் கட்டுரையைச் சேர்த்துவிடுவதும் அதன் வழக்கம். இவ்விரு வகைத் தளங்களிலும் தனித்தனியாக எண்ணி, பார்த்த திகதியுடன் அருகருகே எழுதுங்கள், ஒருபோதும் கூட்டவேண்டாம்.

இப்போது கணக்குக்கு வரலாம். ஒருவரின் ஏழு கட்டுரைகள் 24, 15, 9, 6, 5, 3, 1 என மேற்கோள் பெற்றுள்ளதாகக் கொள்வோம். பௌதிகவியலாளர் ஹெர்ஷ் 2005இல் முன்வைத்த எச் சுட்டி (h-index), குறைந்தது எச் மேற்கோள்களாவது பெற்ற எச் கட்டுரைகள் உள்ளனவா என்று பார்க்கிறது: ஐந்தாவது கட்டுரைக்கு 5 உண்டு, ஆறாவதுக்கு 3 மட்டுமே, எனவே சுட்டி 5. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மேற்கோள் பெற்றவற்றை மட்டும் எண்ணும் ஐ10 சுட்டி 2. இனி ஆய்வாளர் தம்மைத் தாமே மேற்கோள் காட்டியவற்றைக் கழியுங்கள். முதற் கட்டுரையில் 4, மூன்றாவதில் 2, ஐந்தாவதில் 2 கழிந்தால் வரிசை 20, 15, 7, 6, 3, 3, 1 என்றாகி எச் சுட்டி 4ஆக இறங்குகிறது. மொத்தத்தில் எட்டு மேற்கோள்களே போயின. ஆயினும் ஐந்தில் ஒரு பங்கு சுட்டி குறைந்துவிட்டது. சிறிய எண்களில் இந்தச் சுட்டி எவ்வளவு தளம்பக்கூடியது என்பதற்கு இதுவே போதும்.

கிடைத்த எண்ணை யாருடன் ஒப்பிடுகிறோம் என்பதில்தான் அநேகர் தவறுகிறார்கள். மருத்துவ பீடத்தவருடன் ஒப்பிடுவது நியாயமாகாது. தூய கணிதக்காரருடன் ஒப்பிடுவதும் பொருந்தாது. கணிதக் கல்வியில், ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எழுதத் தொடங்கியவர்களையே ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டும். ஸ்கோப்பஸ் தரும் துறைசார் எடையிட்ட தாக்க எண் இதற்கு உதவும். அதில் 1 என்பது அதே துறை, அதே ஆண்டு, அதே வகை வெளியீடுகளின் உலகச் சராசரி. ஆனால் ஐந்தாறு கட்டுரைகள் உள்ளவருக்கு ஒரேயொரு கட்டுரையே அதை ஏற்றிவிடும். சஞ்சிகையின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணிக்கையை, ஆளின் தகுதியாகக் காட்டக்கூடாது என்பது ஆய்வு மதிப்பீடு குறித்து 2012இல் எழுந்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தின் மையக் கோரிக்கை.

எஞ்சுவது, எண்ணில் அகப்படாதவை. தமிழில் எழுதிய கட்டுரை வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர் ஒருவரின் ஒப்படையிலோ, முல்லைத்தீவில் நடக்கும் ஆசிரியர் கருத்தரங்கின் கையேட்டிலோ பயன்பட்டால், அதை எந்தத் தரவுத்தளமும் எண்ணப்போவதில்லை. அத்தகைய பயன்பாடுகளை ஆவணத்தின் பிரதி, பக்க எண், திகதி ஆகியவற்றுடன் வேறொரு தாளில் திரட்டி, பதவியுயர்வு விண்ணப்பத்தில் சுட்டிகளுக்குப் பின்னிணைப்பாகக் கொடுங்கள். ஆனால் அவற்றை மேற்கோள் என்ற தலைப்பின் கீழ் எழுதவேண்டாம், ஏனெனில் மதிப்பீட்டாளர் ஒன்றைச் சந்தேகித்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்.