பணமாக வராத அரசு உதவி: இராமநாதபுரம் கடற்கரையில் புதிய கருவிகளைச் சோதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டுப்படகில் பொருத்தும் அபாய அறிவிப்புக் கருவி, பாசி வளர்ப்பு மிதவையில் நீரின் வெப்பத்தையும் உப்பளவையும் அளக்கும் சென்சார், இறால் பண்ணைக்கான ஆக்சிஜன் எச்சரிக்கைப் பெட்டி என, தேவிபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரை கடலை நம்பிச் சோதிக்க வேண்டிய பொருள்கள் பல உள்ளன. இவற்றை உருவாக்கும் சிறு நிறுவனங்கள் அரசு உதவி என்றதும் மானியத் தொகையை மட்டுமே நினைக்கின்றன. ஆய்வக வசதி, அறிவியலாளரின் ஆலோசனை, காப்புரிமைக் கட்டணச் சலுகை, டெண்டர் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு ஆகியவை பணமாகக் கைக்கு வராததால் இரண்டாம்பட்சமாகத் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் முந்தைய தவறு இதுவே. ஓராண்டு உப்புக்காற்றில் நின்ற உலோகம் என்னவாகும் என்பதை ஓராண்டு நிறுத்தி வைத்துத்தான் அறிய முடியும்; அதற்கான இடமும் அதைப் படித்துச் சொல்லும் அறிவும் கிடைப்பது பல இலட்ச ரூபாய்க்குச் சமம்.

அந்த வாய்ப்பு இந்த மாவட்டத்தின் அருகிலேயே இருக்கிறது. காரைக்குடியில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பு ஆய்வில் நீண்ட அனுபவம் உடையது. மண்டபம் முகாமிலும் அதன் பிரிவு உண்டு. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபம் முகாமில்தான் இருந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குச் சென்ற பின்னும் மண்டலக் கிளை இங்கே இயங்குகிறது. இத்தகைய இடங்களுக்குக் கருவியை எடுத்துச் சென்று, “எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பது அடுத்த பெரும் தவறு. எந்த இணைப்பு முதலில் பழுதாகும், எந்தப் பூச்சு எத்தனை மாதம் தாங்கும், அளவீடு எவ்வளவு விலகினால் பயனற்றதாகும் என்பன போன்ற விடை காணக்கூடிய கேள்விகளை எழுதிக்கொண்டு சென்றால்தான் அவர்களின் நேரம் உங்களுக்குப் பயன்படும்.

சோதனைச் சான்றிதழைப் படிப்பதிலும் கவனக்குறைவு மிகுதி. தூசியும் நீரும் புகாமையைக் குறிக்கும் ஐபி 67 தரம் பெற்ற பெட்டி கடலுக்கு ஏற்றது என்று பலர் நம்புகின்றனர். அந்தச் சோதனை 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிட நேரம் மூழ்கியிருப்பதை மட்டுமே பார்க்கிறது. உப்பு, வெயில், அலையின் மோதல், கொட்டலசு போன்ற ஓடுடைய கடலுயிர்கள் ஒட்டிக்கொள்வது எதுவும் அதில் இல்லை. உப்புப்பனிச் சோதனை 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் தெளிப்பது. இரு பூச்சுகளில் எது மேல் என்று ஒப்பிட அது உதவும், ஆனால் சோதனைக் கூண்டுக்குள் தாங்கிய மணிநேரத்தைக் கடலில் தாங்கும் மாதமாகக் கணக்கிடுவது பிழை. ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தாலும், நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரத்தின் வரம்புக்குள் வருகிறதா என்பதை முன்னதாகவே உறுதி செய்ய வேண்டும்.

காலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது இக்கடற்கரைக்கே உரிய பிழை. தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் கொந்தளிக்கும்போது பாக் நீரிணைப் பகுதியாகிய வடகடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் வாடைக் காலத்தில் நிலைமை மாறும். அமைதியான பக்கத்தில் மூன்று மாதம் மிதந்த கருவியைப் பற்றி எழுதும் அறிக்கை பாதி உண்மையையே சொல்கிறது. விசைப்படகில் சோதிப்போர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆய்வக உதவிக்கான விண்ணப்பம் ஏற்கப்படும் மாதம் அதற்குள் விழுந்தால் அந்தக் காலாண்டே வீணாகும்.

இனி அனுமதி. ஓர் அரசு நிறுவனம் தந்த ஆதரவுக் கடிதத்தை மற்றொரு துறையின் அனுமதியாக எண்ணிக் கடலில் இறங்குவது ஆபத்தானது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் கொண்ட தேசியப் பூங்கா 1986 முதல் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கே ஒரு மிதவையை நங்கூரமிடுவதற்கும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். கம்பியில்லாமல் தரவு அனுப்பப் பயன்படும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்றாலும், அதில் இயங்கும் கருவிக்கு வகை ஒப்புதல் தேவை. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால், டிரோனைப் பறக்கவிடுவதற்கு முன் எங்கே பறக்கலாம் என்பதை நிறங்களால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அப்பகுதியின் நிறத்தைப் பார்க்காமல் இருப்பதை மன்னிக்கக்கூடிய அலட்சியமாக நான் கருதவில்லை. கடல் எல்லைக்கு இவ்வளவு அருகில், விளக்கம் இல்லாத ஓர் அலைபரப்பி படகிலிருந்து கண்டெடுக்கப்பட்டால், விசாரணைக்கு முதலில் ஆளாவது அந்தப் படகுக்காரர்தான்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே மீன் இறங்குதளத்தில் எல்லார் முன்னிலையிலும் கருவியை இயக்கிக் காட்டுவதும் இழப்பில் முடியலாம். இயல்பிலேயே பொதுவெளியில்தான் சோதிக்க முடியும் என்ற கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு ஓராண்டு அளவில் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. ஆனால் அது நியாயமான சோதனைக்கு மட்டுமே உரியது, விற்பனைக் காட்சிக்கு உரியது அன்று. கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கமாகிய தற்காலிக விவரக்குறிப்பை முதலில் தாக்கல் செய்தால், முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். அந்த 12 மாதத்துக்குள் இரு பருவக்காற்றுக் காலங்களும் வந்துவிடும். அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு. விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரும் வல்லுநரின் ஊதியத்தையும் அரசு ஏற்கிறது.

இச்சலுகைகள் அனைத்தையும் பெற உத்யம் பதிவு மட்டும் இருந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. உத்யம் சிறுதொழிலுக்கான பதிவு. புத்தொழில் அங்கீகாரம் வேறு. தனியொருவருக்குச் சொந்தமான வணிகமாக நடத்துவோர் அந்த அங்கீகாரத்துக்குத் தகுதி பெறுவதில்லை.

கடைசித் தவறு எந்த விதிநூலிலும் எழுதப்படாதது. ஆயினும் என் மனத்தை அதிகம் வருத்துவது அதுதான். மீனவர்களை இலவசச் சோதனையாளர்களாக நடத்துகிறோம். கருவியின் கம்பியில் சிக்கி வலை கிழிந்தால் யார் ஈடு தருவார், கருவியால் ஒரு நாள் தொழில் கெட்டால் என்ன செய்வது என்பதைத் தமிழில் அரைப்பக்கம் எழுதிச் படகு உரிமையாளராகிய சம்மாட்டியிடமும் படகில் செல்வோரிடமும் படித்துக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமானது இருப்பிடத் தரவு. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மாதம் மீன் படும் என்பது ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. உங்கள் கருவி அதை ஒரே வாரத்தில் பதிவு செய்துவிடும். அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள், உதவி செய்த அரசு ஆய்வகத்துக்கு அதில் எவ்வளவு போகும், சோதனை முடிந்ததும் எது அழிக்கப்படும் என்பவற்றைச் சொல்லி, முதல் திருகாணியை முடுக்குவதற்கு முன்பே அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்.