போலி ஓவியம் பிடிபடும் எபிசோடு: துப்பை எங்கே ஒளிப்பது?

முதலில் ஓர் ஆண்டை முடிவு செய்யுங்கள்: அந்த ஓவியம் எப்போது வரையப்பட்டதாகக் கதை சொல்கிறது? துப்பு அந்த எண்ணிலிருந்துதான் கிளம்பும். 1690 என்றால் பிரஷ்யன் நீலம் என்ற நிறமி காட்டிக்கொடுக்கும். அது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. 1914 என்றால் டைட்டானியம் வெள்ளை. ஓவியர்களின் கைக்கு அது வந்ததே 1920 வாக்கில்தான்.

ஆனால் மோசடிக்காரரை முட்டாளாக்கிவிடாதீர்கள். இந்த ஆண்டுக்கணக்கெல்லாம் அவருக்கும் தெரியும். அவர் கண்ணுக்கே படாத தவறுதான் நல்ல துப்பு. ஜெர்மனியின் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி அப்படித்தான் சிக்கினார். 1914இல் ஜெர்மன் ஓவியர் காம்பென்டோங்க் வரைந்ததாகச் சொல்லி, 2006இல் 28.8 லட்சம் யூரோவுக்கு ஏலம் போன படத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. பெல்ட்ராக்கி வாங்கியது துத்தநாக வெள்ளை ட்யூப். உள்ளே டைட்டானியமும் கலந்திருந்தது லேபிளில் இல்லை. 2011இல் ஆறு ஆண்டு சிறை.

பரிசோதனைக் காட்சியில் பலரும் சறுக்குவது வரிசையில். டைட்டானியம் இருக்கிறது என்றதும் கைது செய்துவிட்டால், "பிற்காலத்தில் யாரோ பழுது பார்த்திருக்கலாம்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வரியில் உடைத்துவிடுவார். ஆகவே முதலில் புற ஊதா விளக்கு. இருட்டறையில் பழைய வார்னிஷ் பச்சையாக மங்கி ஒளிரும். பின்னால் பூசிய இடங்கள் கரும் திட்டுகளாகத் தெரியும். திட்டில்லாத இடத்தில் எக்ஸ்.ஆர்.எஃப் (எக்ஸ்-கதிர் ஒளிர்வு) கருவியை வையுங்கள். அது தனிமங்களை மட்டுமே காட்டும், டைட்டானியம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்லாது. அதற்கு ஊசிமுனை அளவு மாதிரி எடுத்து, குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அடி அடுக்கிலேயே இருந்தால் பழுதுபார்த்த கதை எடுபடாது.

பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் தேய்க்கும் காட்சி கண்ணுக்கு அழகு. புது எண்ணெய் வண்ணம் இளகிப் பஞ்சில் ஒட்டும். ஆனால் அதையே நம்பி முடிச்சை அவிழ்க்காதீர்கள். நெதர்லாந்தின் போலி ஓவியர் ஹான் வான் மேகரன் வண்ணத்தில் பேக்கலைட் வகைப் பிசினைக் கலந்து அடுப்பில் சுட்டு, அந்தச் சோதனையையே ஏமாற்றியவர்.

துப்பை முதல் பத்து நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள், வசனமே இல்லாமல். ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கும்போது பின்புறம் ஒரு நொடி தெரிந்தால் போதும். பெல்ட்ராக்கி வழக்கிலும் பின்பக்கம் ஒட்டியிருந்த சேகரிப்பாளர் லேபிள்கள் போலி. மறுமுறை பார்ப்பவர் அந்த நொடியில் படத்தை நிறுத்திப் பார்ப்பார். எழுத்துரு, பசை, ஆணித்துளை எல்லாம் பிசகாமல் இருக்கட்டும்.