மசோதா சட்டமாகும் வரை விடாமல் பார்ப்பது எப்படி?

டிவியில் 'மசோதா நிறைவேறியது' என்று ஓடினால் எந்த அவையில் என்று முதலில் பாருங்கள். மக்களவையில் நிறைவேறினால் பாதிக் கிணறுதான். மாநிலங்களவையும் அதே வடிவில் ஏற்ற பிறகே குடியரசுத் தலைவரிடம் போகும்.

நாடாளுமன்ற இணையதளத்தில் பெயரைத் தேடி, அறிமுகமான வடிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள். பிரிவுகளை வரிசையாகப் படித்தால் தலை சுற்றும், அதனால் பின்னால் இருக்கும் 'நோக்கங்களும் காரணங்களும்' அறிக்கையில் தொடங்குங்கள், எதை ஏன் கொண்டுவருகிறார்கள் என்று அமைச்சர் பெயரோடு அங்கே இருக்கும். மசோதாவை விரிவாக ஆராயும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவுக்குப் போனால் நல்லது. மக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் வரலாம், வந்தால் தள்ளிப்போடாமல் எழுதி அனுப்புங்கள்.

அப்புறம், இது பண மசோதாவா, அதாவது வரி, அரசின் கடன், செலவு போன்றவற்றை மட்டுமே பற்றியதா? ஆம் என்றால் மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை மட்டுமே செய்யலாம், மக்களவை அதை ஏற்காமலும் விடலாம். எது பண மசோதா என்று சான்று தருபவர் சபாநாயகர், அதனால்தான் இதில் இவ்வளவு சண்டை. சாதாரண மசோதாவில் இரு அவைகளும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். வரதட்சணைத் தடுப்பு மசோதா 1961-இல் அப்படித்தான் நிறைவேறியது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இந்த வழி கிடையாது.

ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வந்த பிறகும் முதல் பிரிவைப் பாருங்கள். 'மத்திய அரசு அறிவிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்' என்று இருந்தால், அந்த அறிவிக்கையையும் அரசிதழில் தனியாகத் தேட வேண்டும்.