கடற்கரையில் மெட்டல் டிடெக்டர்: புதியவர்களுக்கு

பல கடற்கரைகளில் இதற்குத் தடையோ அனுமதிச் சீட்டோ உண்டு, முதலில் கேட்டுவிடுங்கள். கடல் நன்றாக வற்றும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே தொடங்கி, பின்வாங்கும் நீரோடு இறங்கிப் போங்கள்.

காய்ந்த மணலில் எந்தக் கருவியும் ஒழுங்காக வேலை செய்யும். சிக்கல் ஈர மணலில்தான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் கருவி மணலையே உலோகம் என்று எடுத்துக்கொண்டு சும்மா சும்மா கத்தும். ஈர மணலுக்கு வந்ததும் கிரவுண்ட் பேலன்ஸை (தரையிலிருந்து வரும் சிக்னலைக் கருவி ஒதுக்கும்படி சரிசெய்வது) மறுபடி செய்யுங்கள். அப்போதும் கத்தினால், அடங்கும்வரை சென்சிட்டிவிட்டியை (கருவியின் உணர்திறனை) குறையுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பல அதிர்வெண் கருவியில் இந்தத் தொல்லை குறைவு.

காயிலை (கருவியின் அடியில் இருக்கும், உலோகத்தை உணரும் தட்டு) மணலுக்கு 2 செ.மீ. மேலே, மட்டமாக, மெதுவாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடட்டும். வீச்சின் முடிவில் கை தானாக மேலே போகும். அங்கேதான் பொருள் தவறும்.

அலுமினிய டின் மூடியின் வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் கருவியின் திரையில் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும்; எந்த உலோகமாக இருக்கலாம் என்று சொல்லும் எண் அது. குப்பை வேண்டாமென்று அந்த எண்ணுக்குக் கருவி கத்தாதபடி அடைத்தால் மோதிரமும் போச்சு. தோண்டித்தான் ஆக வேண்டும்.

குழியை உடனே மூடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காயில் உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே தங்கும் ஈர மணலும் பொய்ச் சத்தம் தரும்.