நாளைக்கு இருக்கப்போகிற கைக்கு வாங்குங்கள்

என் வீட்டுக்காரர் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் இருபது வருஷம் லேத் ஓட்டியவர். தசைகளை இயக்குகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிற மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தபோது கால்தான் இழுத்தது, கை நன்றாகவே இருந்தது. அதனால் மடக்கி ஆட்டோவில் வைக்கிற மாதிரி இலேசான, பேட்டரியில் ஓடுகிற பவர் வீல்சேர் ஒன்றை அவசரமாக வாங்கினோம். எட்டே மாதத்தில் வலது கையால் ஜாய்ஸ்டிக்கை, அதாவது சேரை ஓட்டுகிற சின்னக் கைப்பிடியைத் தள்ள முடியாமல் போனது. இடது பக்கம் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, அந்த மாடலில் முடியாது என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள். சேர் சுவரோரம் நின்றது, அவர் கட்டிலில் கிடந்தார். அந்த நிலைமை இன்னொரு வீட்டுக்கு வரக் கூடாது.

கூடிக்கொண்டே போகிற நோய்க்குச் சேர் வாங்கும்போது, இன்றைக்கு இருக்கிற உடம்பை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த வருஷம் எது தளரும் என்று நரம்பியல் டாக்டரிடமும் அன்றாட வேலைகளைச் செய்ய வழிசொல்லி உதவுகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் நேராகவே கேளுங்கள். கேட்கவே நெஞ்சு அடைக்கும். ஆனாலும் கேளுங்கள்.

கடையில் முதலில் கேட்க வேண்டியது ஜாய்ஸ்டிக்கைப் பற்றி. இடப்பக்கம், நடுவில் என்று மாற்ற முடியுமா? விரல் இலேசாகப் பட்டாலே நகருகிற மாதிரி புரோகிராம் செய்ய முடியுமா? பிற்பாடு தாடையாலோ தலையாலோ ஓட்டுகிற கருவி பொருத்த இடம் உண்டா? பின்னால் நிற்பவர் ஓட்ட தனி ஜாய்ஸ்டிக் உண்டா? மடக்குகிற சேர்களில் பெரும்பாலும் இதற்கெல்லாம் இல்லை என்றுதான் பதில் வரும்.

அடுத்தது டில்ட். முதுகு மட்டும் சாய்வது ரிக்லைன். அதில் உடம்பு கீழே சரிந்து தோல் உரசும். டில்ட்டில் இருக்கை முழுவதும் தொட்டில் மாதிரி பின்னால் சாயும், இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். தானாகப் புரண்டு உட்கார முடியாதவருக்குப் புண் வராமல் காப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நாங்கள் இரண்டாவது சேர் பார்த்தபோது தெரபிஸ்ட் என் வீட்டுக்காரரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். அரை மணியில் தலை முன்னால் தொங்கத் தொடங்கியது. டில்ட் பட்டனை அழுத்தியதும் தலை மெதுவாக ஹெட்ரெஸ்டில் போய் அமர்ந்தது. "கழுத்து விட்டுச்சும்மா" என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வீட்டையும் அளக்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜ் அட்டையைச் சேரின் அகலத்துக்கு வெட்டி, எங்கள் அல்சூர் வீட்டு வாசல்களில் எல்லாம் நுழைத்துப் பார்த்தேன். பாத்ரூம் கதவில் இரண்டு பக்கமும் அரை அங்குலம்கூட மிச்சமில்லை. கை முட்டி சிராய்த்துவிடும். கதவைக் கழற்றித் திரை போட்டோம். வாசலில் மூன்று படி, மொத்தம் 18 அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில் 18 அடிச் சரிவு வேண்டும். சந்தில் அவ்வளவு இடம் ஏது? நடுவில் தட்டையான இடம் விட்டு, எல் வடிவில் திருப்பிக் கட்டினோம்.

டில்ட் உள்ள இந்த மாதிரி சேர் பெரும்பாலும் நூறு கிலோவைத் தாண்டும், ஆட்டோவில் ஏறாது. ஆஸ்பத்திரிக்குப் போகவர, கையால் தள்ளுகிற சாதாரண வீல்சேர் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. தசைச் சிதைவு, மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், பார்க்கின்சன் எல்லாம் அதில் உண்டு. நோய் கூடினால் குறைபாட்டுச் சதவீதத்தை மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தருகிற மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டு, அரசு நிறுவனமான அலிம்கோ தயாரிக்கிற மோட்டார் மூன்று சக்கர வண்டி கிடைக்கும். ஆனால் கை தளர்கிற நோய்க்கு அது அதிக நாள் உதவாது என்பது என் எண்ணம். தெரபிஸ்டிடம் "டில்ட் ஏன் தேவை" என்று விவரமாகக் கடிதம் வாங்குங்கள். அறக்கட்டளை, கம்பெனி என்று எங்கே உதவி கேட்டாலும் அது வேண்டும். ஜே.பி. நகரில் உள்ள மொபிலிட்டி இந்தியா இந்தத் துறையிலேயே வேலை செய்கிற அமைப்பு, அங்கேயும் விசாரியுங்கள்.

எங்களுக்குப் பிசியோதெரபி கூடத்தில் பழக்கமான ஒரு அம்மா, தன் வீட்டுக்காரர் இறந்த பிறகு அவருடைய சேரைக் கொடுத்தார். அதுதான் எங்கள் இரண்டாவது சேர். பழைய சேர் தப்பே இல்லை. பேட்டரியையும் குஷனையும் மட்டும் புதிதாகப் போடுங்கள், அளவைத் தெரபிஸ்டை வைத்துச் சரிசெய்யுங்கள். சர்வீஸ் ஆள் பெங்களூரிலேயே இருக்கிறாரா என்று கேளுங்கள். இன்னொன்று: சேரைக் கையால் தள்ளுவதற்காக, சக்கரத்தை மோட்டாரோடு பிணைக்கிற கிளட்ச்சை விடுவித்தால் பிரேக் பிடிக்காது. சரிவில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

இப்போது இடது கையால்தான் ஓட்டுகிறார். சாயங்காலம் சந்து முனைவரை தானே போய்வருகிறார். தாடையால் ஓட்டுகிற ஜாய்ஸ்டிக்குக்குப் போன வாரமே விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். இடது கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.