மீற்றரில் காசில்லாத வீடுகளுக்கு உதவ ஒரு சின்னக் குழு தொடங்குவது எப்படி

தை மாதத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். அம்மா கதவைத் திறக்கிறார், கோட்டுப் போட்டிருக்கிறார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தால் இல்லை, உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தரும்போதும் அந்தக் கோட்டுடனேயே நிற்கிறார். லண்டனில் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நான் இப்படிப் பல வீடுகளுக்குப் போயிருக்கிறேன். யாரும் "எனக்குக் குளிருது, காசில்லை" என்று வாயால் சொன்னதில்லை. அதனால்தான் பக்கத்தில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் ஒரு மேசை போட்டு உட்கார வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று நாங்கள் படித்ததை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் இதற்கு எரிபொருள் வறுமை என்று பெயர். 1991இல் பிரெண்டா போர்ட்மன் என்ற ஆய்வாளர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வீட்டைச் சூடாக்கவும் மின்சாரத்துக்கும் தேவைப்பட்டால் அது வறுமை என்று கணக்குச் சொன்னார். இங்கிலாந்தில் இப்போது கணக்கு வேறு. வருமானமும் குறைவாக இருக்க வேண்டும், வீடு எவ்வளவு சக்தியை விழுங்கும் என்று ஏ முதல் ஜி வரை தரம் போடும் சக்திச் சான்றிதழும் டி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். சி தரத்தில் இருக்கிற கவுன்சில் வீட்டில் முன்பணம் போடும் மீற்றரில் காசில்லாமல் இருட்டில் இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். நீங்கள் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம், அந்த அம்மா போட்டிருந்த கோட்டைப் பாருங்கள்.

எங்கள் முதல் குளிர்காலத்தில் காசு சேர்த்துப் போர்வையும் சின்ன மின் ஹீற்றரும் வாங்கிக் கொடுத்தோம். போர்வை சரி. ஹீற்றர் கொடுத்தது பிழை. 2 கிலோவாட் ஹீற்றர் ஒரு மணித்தியாலத்துக்கு 2 யூனிட் இழுக்கும், யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் 50 பென்ஸ். காஸ் யூனிட் 6 பென்ஸ் அளவில்தான். சின்ன வீட்டில் பொயிலர் அதே ஒரு மணித்தியாலத்தில் 6 யூனிட் எரித்தாலும் 36 பென்ஸ், அதில் முழு வீடும் சூடாகும். ஆனால் பொயிலர் என்றால் காசு தின்னும், குட்டி ஹீற்றர் மலிவு என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் ஆழமாக இருக்கிறது, நாங்களும் அதை நம்பித்தான் வாங்கிக் கொடுத்தோம். ஆகவே எந்த வீட்டுக்கும் பொருளோடு போகாதீர்கள். முதலில் பில்லைப் பாருங்கள்.

எங்கே உட்காருவது

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைதான் நல்ல இடம். பிள்ளைகளை விட்டுவிட்டு அம்மா, அப்பா, அம்மம்மா எல்லோரும் இரண்டு மணித்தியாலம் சும்மா நிற்பார்கள். கோயில் அன்னதான மண்டபமும் நல்லது, ஆனால் அங்கே எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள் என்பதால் மேசையை ஒரு மூலையில் போடுங்கள். போர்டில் வறுமை, உதவி, ஏழை என்ற சொல் எதுவும் வேண்டாம். நாங்கள் "கரண்ட், காஸ் பில்லைக் கொண்டு வாங்கோ, ஒருக்கால் பார்ப்பம்" என்று மட்டும் எழுதினோம். பில்லைக் காட்ட வருவதற்கு யாருக்கும் மானக்கேடு இல்லை.

குறைந்தது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கடிதம் வாசிக்க, மற்றவர் போனில் பொறுமையாகக் காத்திருக்க. வீட்டுக்குப் போவதென்றாலும் இருவராகவே போங்கள், குற்றப்பின்னணிச் சான்றிதழும் எடுத்துவிடுங்கள். நஷனல் எனர்ஜி அக்ஷன் என்ற தொண்டு நிறுவனம் 1981இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது, அவர்களின் பயிற்சிகளைப் பாருங்கள். தென்கிழக்கு லண்டனில் செல்ஸ் என்ற சமூகக் கூட்டுறவு எனர்ஜி கஃபே என்று போட்டு ஆட்களை உட்காரவைத்து பில் பார்க்கிறது. ஒரு நாள் போய் அங்கே இருந்து பார்த்தால் கையேடு வாசிப்பதைவிட விளங்கும்.

ஒரு எல்லையைத் தெரிந்து வைத்திருங்கள். கடன் ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் அனுமதி வேண்டும், விசா ஆலோசனைக்கும் அப்படியே. பில்லை விளக்கலாம், கொம்பனிக்குப் போன் பண்ணும்போது பக்கத்தில் இருக்கலாம். பல இடங்களில் கடன் இருக்கிறது என்றால் இலவசமாகக் கடன் ஆலோசனை சொல்லும் சிற்றிசன்ஸ் அட்வைசுக்கோ ஸ்டெப்சேஞ்சுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவருக்கு 60 நாள் கடன்காரர் தொந்தரவு செய்யாத மூச்சுவிடும் காலமும் எடுத்துத் தரலாம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்திலிருந்து அது சட்டம். வங்கி அட்டை, பின் நம்பர் எதையும் நீங்கள் தொடவே கூடாது.

பில்லில் என்ன பார்ப்பது

அனேகமாக ஒரு பில் வராது, ஒரு பை வரும். ரீவிக்குப் பின்னால் திறக்காமல் சேர்த்து வைத்த கடிதங்கள். அதைத் திகதி வாரியாக அடுக்கிக் கடைசிக் கடிதத்திலிருந்து தொடங்குங்கள். மீற்றர் எண்ணிக்கை உண்மையில் பார்த்து எழுதியதா, கொம்பனி ஊகித்துப் போட்டதா என்பதுதான் முதல் கேள்வி. ஊகம் என்றால் அன்றைக்கே மீற்றரைப் படம் எடுத்து அனுப்பவையுங்கள். அடுத்தது மீற்றரின் தொடர் இலக்கம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு அன்ரி கடைக்கு மேலே ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். காலை ஒரு மணித்தியாலம், இரவு ஒரு மணித்தியாலம் தவிர ஹீற்றிங் போடமாட்டார், பில்லோ ஐந்து பேர் இருக்கிற வீட்டைப் போல வந்தது. கொம்பனிக்குப் பலமுறை சொல்லியும் "நீங்கள் பாவித்ததுதான்" என்ற பதில்தான். நான் படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் போன் வெளிச்சத்தோடு முழங்காலில் இருந்து மீற்றரில் உள்ள இலக்கத்தை வாசித்தேன், அன்ரி பில்லில் உள்ளதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். நாலாவது எழுத்திலேயே மாறியது. அங்கே மூன்று மீற்றர் இருந்தன, அவர் இவ்வளவு காலமும் வேறொரு வீட்டின் மீற்றருக்குக் காசு கட்டியிருந்தார். பெரிய வீட்டை உடைத்துச் சின்னச் சின்ன வீடுகளாக்கிய இடங்களில் இது நடக்கும். சரிப்படுத்த மாதக் கணக்கானது, ஆனால் காசு திரும்பி வந்தது.

இன்னொன்று, கொம்பனியின் பிழையால் பில் அனுப்பாமல் விட்டு, பிறகு மொத்தமாகக் கேட்டால் 12 மாதத்துக்கு முந்திய பாவனைக்கு அவர்கள் காசு கேட்க முடியாது. 2018இலிருந்து இந்த விதி இருக்கிறது. போனில் அந்த 12 மாதத்தைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.

முன்பணம் போடும் மீற்றர்

சாவியும் அட்டையும் போடுகிற வீடுகளில்தான் நிலைமை மோசம், ஏனென்றால் அங்கே யாரும் வந்து கரண்டை வெட்டத் தேவையில்லை, காசு முடிந்தால் தானாகவே நின்றுவிடும், வெளியே ஒருவருக்கும் தெரியாது. காசில்லாமல் நின்றுவிட்டால் கொம்பனிக்கு அடித்து, வீட்டில் வயதானவர், நோயாளி, சின்னப்பிள்ளை இருக்கிறார் என்று சொல்லி மேலதிக உதவிக் கடன் கேளுங்கள், அதைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். மீற்றரில் காசு ஏற்ற உதவும் ஃபியூவல் பாங்க் ஃபவுண்டேஷன் வவுச்சர் உங்கள் ஊர் உணவு வங்கி அல்லது ஆலோசனை நிலையம் வழியாகக் கிடைக்கிறதா என்று முதலே விசாரித்து வையுங்கள், தேவை வந்த பிறகு தேட நேரமிருக்காது. ஒவ்வொரு முறை காசு போடும்போதும் பழைய கடனுக்கு அதிகம் பிடிக்கிறார்களா? இவரால் எவ்வளவு கட்ட ஏலும் என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி, குறைக்கச் சொல்லுங்கள்.

பெயரும் பதிவும்

மேலதிக கவனிப்புத் தேவைப்படும் வீடுகளைக் கரண்ட், காஸ் கொம்பனிகள் எழுதி வைக்கும் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஓய்வூதிய வயது, நோய், ஊனம், சின்னப்பிள்ளை, ஆங்கிலம் தெரியாமை, இதில் எது இருந்தாலும் சேரலாம், காசில்லை, விசாவையும் பார்ப்பதில்லை. ஒரு போன் அழைப்புத்தான். கரண்ட் நின்றால் 105க்கு அடிக்கலாம் என்பதையும் மீற்றருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிறகு பில் யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீடுகளில் ஆங்கிலம் கதைக்கத் தெரிந்தவர் என்று மகன் பெயரில் கணக்கைத் திறந்திருப்போம். வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்று வருடம் ஒருமுறை மின்சாரப் பில்லில் 150 பவுண் கழிக்கிறார்கள், ஆனால் உதவிப்பணம் எடுப்பவர் அல்லது அவரின் துணைவர் பெயரில் பில் இருக்க வேண்டும். மகன் பெயரில் இருந்ததால் வருடக் கணக்காக அந்த 150ஐ இழந்த அம்மாக்களைக் கண்டிருக்கிறேன். கோடையிலேயே பெயரை மாற்றிவிடுங்கள்.

பெரிய திறப்பு, வருமானம் குறைந்த ஓய்வூதிய வயதினருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிற்தான். அது கிடைத்தால் வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட், கவுன்சில் வரிக் குறைப்பு, 75 வயதுக்கு மேல் இலவச ரீவி லைசன்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறக்கும், மூன்று மாதம் வரை பின்திகதியிட்டும் தருவார்கள். 0800 99 1234க்கு அடித்து "தமிழ் இன்ரப்ரிற்றர் பிளீஸ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்ப்பார்கள். உடுப்புப் போட, குளிக்க ஆள் உதவி தேவைப்படும் முதியவர் என்றால் அற்றென்டன்ஸ் அலவன்ஸும் கேளுங்கள், அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. ஆனால் விசாவில் அரச உதவி எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் எந்த விண்ணப்பத்திலும் கை வைக்காதீர்கள், குடிவரவு ஆலோசகரிடம் முதலில் அனுப்புங்கள்.

வீட்டுக்குள்

எங்கள் குசினியில் சோறும் புட்டும் அவிகிறது, உடுப்பு ரேடியேற்றரில் காய்கிறது, குளிரென்று யன்னல் திறப்பதில்லை. அந்த ஈரம் முழுவதும் அலுமாரிக்குப் பின்னால் குளிர்ந்த சுவரில் போய்ப் பூஞ்சணமாகிறது. சட்டியை மூடிச் சமைப்பது, காலையில் யன்னல் கண்ணாடியைத் துடைப்பது, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளி வைப்பது, இவ்வளவையும் நீங்களே கூட இருந்து செய்து காட்டுங்கள். கதவுக்குக் கீழும் கடிதத் துவாரத்திலும் காற்றுத் தடுப்பு ஒட்டலாம், ஆனால் சுவரில் உள்ள காற்றோட்டத் துளைகளை அடைக்கவே கூடாது. காஸ் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குபவர்கள் இருக்கிறார்கள், காபன் மொனொக்சைட்டால் உயிர் போகும் என்று நேராகச் சொல்லுங்கள். காஸ் மணத்தால் அடிக்க வேண்டிய இலக்கம் 0800 111 999.

சோபா ரேடியேற்றரை மறைத்திருந்தால் தள்ளுங்கள். தண்ணீர்த் தாங்கி இல்லாத கொம்பி பொயிலர் என்றால் ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரை 60 பாகைக்குக் குறைத்துப் பார்க்கலாம், தண்ணீர்த் தாங்கி உள்ள வீட்டில் அந்தத் தாங்கியின் சூட்டை 60க்குக் கீழே இறக்காதீர்கள், கிருமி வரும். முதியவர் இருக்கும் அறை 18 பாகைக்குக் கீழே போகக்கூடாது, பத்துப் பவுணுக்குள் ஒரு வெப்பமானி வாங்கிச் சுவரில் தொங்கவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் பூஞ்சணம் திரும்பி வந்தால் பிழை வீட்டில்தான், அந்த அம்மாவில் இல்லை. ரொச்டேலில் இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தது பூஞ்சணம் பிடித்த சமூக வீட்டில், அதாவது கவுன்சிலோ வீட்டுச் சங்கமோ வாடகைக்குக் கொடுக்கும் வீட்டில், வாழ்ந்ததால். அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறையில் இருக்கிறது, பாரதூரமான ஈரமும் பூஞ்சணமும் பற்றி அறிவித்தால் வீட்டுச் சொந்தக்காரர் 10 வேலை நாளுக்குள் விசாரித்துப் பார்க்க வேண்டும். போனில் சொல்லாமல் படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள், திகதி நிற்கும்.

இலவசமாகச் சுவர் கவசம், இலவச பொயிலர் என்று வாசலில் வந்து கையெழுத்துக் கேட்பவர்களிடம் அன்றைக்கு ஒன்றிலும் கையெழுத்திட வேண்டாம் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லி வையுங்கள். அரச திட்டங்களின் கீழ் போட்ட வெளிச்சுவர்க் கவசங்களில் நூற்றுக்கு 98 வீடுகளில் பெரிய திருத்தம் தேவை என்று தேசிய கணக்காய்வு அலுவலகமே 2025 ஒக்டோபரில் சொன்னது. கவுன்சிலில் விசாரித்த பிறகு செய்யலாம்.

காசும் கொப்பியும்

பெரிய காசு தேவையில்லை, ஆனால் வெப்பமானி, காற்றுத் தடுப்பு, போன், பயணம் என்று செலவு வரும். லொத்தர் நிதியின் அவார்ட்ஸ் ஃபோர் ஓல் 20,000 பவுண் வரை தரும். பதிவு செய்த தொண்டு நிறுவனமாக இருந்தால், விதி மீறிய கொம்பனிகள் கட்டும் பணத்திலிருந்து வரும் எனர்ஜி ரிட்ரெஸ் நிதியையும் கேட்கலாம். உங்கள் கோயில் பதிவான தொண்டு நிறுவனமா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள். பிரிக்ஸ்டனில் 2012இல் கவுன்சில் குடியிருப்பின் கூரையில் அயலவர்களே பங்கு போட்டு சூரியத் தகடு வைத்தார்கள், அந்த வருமானத்தில் ஒரு பகுதி அயலுக்கே திரும்பிப் போகிறது. அந்த அளவுக்குப் போக விருப்பமென்றால் போங்கள், முதல் வருடத்தில் வேண்டாம்.

முதல் வருடத்தில் வேண்டியது ஒரு கொப்பி. பெயர், வந்த திகதி, யாருக்குப் போன் பண்ணினோம், அவர்கள் என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது பார்ப்பது. சம்மதக் கையெழுத்து வாங்கி எழுதுங்கள், பூட்டி வையுங்கள். ஒரு முறை பார்த்து அனுப்பினால் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம், இரண்டாம் முறை போகாத வீடுகளில் பாதி விண்ணப்பம் அனுப்பப்படாமலே கிடந்தது. "மகன் வரட்டும் என்று வைச்சிருக்கிறன் தம்பி" என்பார்கள்.

அந்தக் கொப்பியை எடுத்துப் புரட்டாதி முடியும்போது எல்லோருக்கும் ஒருமுறை போன் பண்ணுங்கள். கோடையில் காஸ் பாவிக்காமல் விட்டிருந்தாலும் முன்பண மீற்றரில் நாள் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். முதல் குளிருக்கு 20 பவுண் போட்டால் அதில் பெரும்பகுதியை அந்த நிலுவையே விழுங்கிவிடும், வீடு சூடாகாது, மீற்றர் பழுது என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். இப்போதே ஐந்து ஐந்தாகப் போடச் சொல்லுங்கள்.